காயாத பனி

பேக்கரியில் அவளை எல்லோரும் ரோஜாக்கா என்று கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கிரீமில் ரோஜாப் பூ வைப்பதில் அந்தப் பக்கத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் இது. இடது கையில் ஒரு சின்னத் தகரத் தட்டைச் சுழற்றுவாள், வலது கையில் கிரீம் பையை அமுக்குவாள். பேசிக்கொண்டே, ஜன்னல் வழியாகத் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டே, இதழ் மேல் இதழாக ஒரு பூ மலர்ந்துவிடும். வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. நாற்பதைத் தாண்டியாயிற்று, காலேஜ் போகிற மகள் இருக்கிறாள், இருந்தாலும் அண்ணன் நடுத்தெருவில் நின்றுகூட "பாப்பா!" என்றுதான் கத்துவார்.

அண்ணனுக்கும் அதே பேக்கரியில்தான் வேலை. அவள் செய்கிற கேக்கை வேனில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அவர். அவர் வேன் ஓட்டினால் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்கள். வேகத்தடை வந்தால் ஏறுவதற்கு முன்பே "வருது, வருது, பிடிச்சுக்கோங்க" என்று பின்னால் இருக்கிற கேக்குகளிடம் சொல்லுவார். அவர் கையில் இதுவரை ஒரு கேக்கின் ஓரம்கூட நசுங்கியதில்லை. இதை அவரே வாரத்துக்கு இரண்டு தடவை எல்லோருக்கும் நினைவுபடுத்துவார் என்பது வேறு விஷயம்.

ஒரு நாள் மூன்றடுக்குக் கல்யாண கேக் ஒன்று. காலையில் தொடங்கியவள் மத்தியானச் சாப்பாட்டைக்கூட நின்றபடியே முடித்தாள். கீழடுக்கைச் சுற்றிக் கொடி, நடு அடுக்கில் சரிகை மாதிரி வலை, உச்சியில் வெள்ளை ரோஜாக் கூட்டம். அடுக்குகளை அங்கே போய்த்தான் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்த வேண்டும் என்பதால் அவளும் வேனில் போனாள். நிறுத்தி முடித்துக் கை துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். எல்லோரும் கைதட்டினார்கள், கத்தி இறங்கியது. அவள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியபோது மேசையில் பலகை மட்டும் இருந்தது. பலகையில் பிசுக்கு.

அண்ணன் கையில் ஒரு தட்டோடு வந்தார். வாய் நிறைய கேக்.

"பிரமாதம் பாப்பா. அந்த ரோஜா எனக்கே வந்துச்சு பாரு."

"அண்ணா, நான் செஞ்சதுல ஏதாவது ஒண்ணு, ஒரே ஒண்ணு, ராத்திரியத் தாண்டி இருந்திருக்கா?"

"இருந்தா புளிச்சிடுமே?"

"அதைக் கேக்கல."

"சமைக்கிறவங்க எல்லாருக்கும் அப்படித்தான்மா. அதுதான் போட்டோ எடுத்து வெச்சிருக்கியே, போன் நிறைய."

"போட்டோ இருந்து என்ன பண்ண? அது என் கை பட்டதா?"

அண்ணன் வாயில் இருந்ததை விழுங்கினார். தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

பேக்கரியின் பின் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு நூலகக் கட்டடம். அதன் மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் எண்ணெய் வண்ண ஓவிய வகுப்பு நடக்கும். கையிடுக்கில் பலகையும் விரல் நகத்தில் நிறமுமாக ஆட்கள் ஏறி இறங்குவதை ரோஜாக்கா வருஷக் கணக்காகப் பார்த்திருக்கிறாள். அந்தக் கல்யாண கேக்குக்கு அடுத்த சனிக்கிழமை, ஏப்ரனைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவளும் ஏறினாள். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று தயங்கியவளை, கீழே வேனில் இருந்து அண்ணன் கையைக் காட்டி விரட்டினார். "போ போ! நான் இங்கயேதான் இருப்பேன்!" தெருவே திரும்பிப் பார்த்தது. இறங்கி வந்தால் இன்னும் மானம் போகும் என்றுதான் மேலே போனாள்.

டீச்சர் சின்னப் பெண். மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுகிறவள். மேசை மேல் பழைய காலண்டர் படங்களைப் பரப்பி, "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க, இந்த சீசன் முழுக்க அதுதான் உங்க படம்" என்றாள். மற்றவர்கள் கடலையும் பூந்தோட்டத்தையும் பாய்ந்து எடுத்தார்கள். ரோஜாக்கா எடுத்தது பனி விழுந்த கிராமம். ஒரு சின்ன ஓட்டு வீடு, கூரை முழுக்கப் பனி. பின்னால் இலை உதிர்ந்த மரங்கள், முன்னால் வெள்ளையாக விரிந்த வயல், ஒரு மரவேலி.

"அக்கா, பனி பார்த்திருக்கீங்களா?"

"ஃப்ரீசர்ல பார்த்திருக்கேன்."

"அப்புறம் ஏன் இது?"

"வெள்ளை என் கைக்குப் பழக்கம் டீச்சர்."

டீச்சர் சிரித்தாள். பிறகு எல்லோருக்கும் ஒரு விஷயம் சொன்னாள். சீசன் முடியும்போது கீழே நூலகக் கூடத்தில் கண்காட்சி உண்டு, எல்லோருடைய படமும் சுவரில் ஏறும். ஒரே நிபந்தனை: படம் காய்ந்திருக்க வேண்டும். போன வருஷம் ஒருத்தருடைய ஈரமான சூரிய அஸ்தமனத்தில் நூலகர் முதுகைச் சாய்த்துவிட்டு, ஆரஞ்சு முதுகோடு நாள் முழுக்கப் புத்தகம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து ஈரப் படத்தை அவர் வாசல்படிக்குள்ளேயே விடுவதில்லை.

சுவரில் ஏறும், ஏறி அங்கேயே இருக்கும், யாரும் வெட்ட மாட்டார்கள். ரோஜாக்காவுக்கு அந்த வாக்கியம் மட்டும் போதுமாக இருந்தது.

பழகியது வெள்ளைதான், ஆனால் மற்ற எல்லாமே தலைகீழ். முதலில் வானம். டர்பென்டைன் கலந்து தண்ணீராக நீர்த்த நிறத்தை மேலே பூச வேண்டும். கேக்குக்கு முதல் பூச்சு கிரீம் தடவுகிற மாதிரி, அவள் கேன்வாஸைச் சுற்றிச் சுற்றிப் பூசினாள். கேக் அலங்கரிப்பவர்கள் கையை நகர்த்த மாட்டார்கள். கை ஒரே இடத்தில் நிற்கும், பலகைதான் சுழலும். ஸ்டாண்டில் நிற்கிற கேன்வாஸை அவள் அப்படியே பக்கவாட்டில் திருப்பினாள், பிறகு தலைகீழாகத் திருப்பினாள். பக்கத்தில் கடல் வரைந்துகொண்டிருந்த தபால்காரர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏங்க, உங்க வீடு கூரை கீழ இருக்குங்க. உள்ள இருக்கிறவங்க விழுந்துடப் போறாங்க."

"ஓரம் முடிஞ்சதும் நிமிர்த்திடுறேன். அதுவரைக்கும் பிடிச்சுக்கிட்டு இருக்கட்டும்."

அடுத்த தொல்லை வழவழப்பு. பேக்கரியில் கத்தித் தடம் ஒன்று தெரிந்தால் மாஸ்டர் கேக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பயத்தில் வளர்ந்த கை அது. வானத்தில் டீச்சர் மேகத்துக்காக விட்ட பட்டைகளையெல்லாம் ரோஜாக்கா வீட்டுப்பாடமாகத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி ஆக்கிக் கொண்டுவந்தாள். டீச்சர் பார்த்தாள், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மறுபடி பார்த்தாள்.

"அக்கா, மேகம் எங்க?"

"தழும்பு மாதிரி இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்."

"அதுதான்க்கா மேகம்!"

நிழலில் மட்டும் அவள் யாருக்கும் சளைக்கவில்லை. பனிக்கு வெறும் வெள்ளை போடக்கூடாது, நிழல் விழுகிற இடத்தில் நீலமும் ஊதாவும் கலக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னபோது மற்றவர்கள் விழித்தார்கள். வெள்ளைக்குள் ஊதாவா? ரோஜாக்கா தலையாட்டினாள். வெண்ணெய் கிரீம் மஞ்சளடிக்கும். அதில் ஊதாவை ஊசி முனையில் எடுத்துக் கலக்கினால் வெள்ளையாகிவிடும். தினமும் அவள் செய்கிற காரியம்தான். பனியில் கொஞ்சம் அதிகமாகவே போடலாம் என்றால் அவளுக்கென்ன கஷ்டம். வீட்டின் இடப்பக்கம், வேலிக்கு அடியில், மரங்களின் காலடியில் என்று அவள் வைத்த நிழல்களைப் பார்த்து டீச்சர் ஒன்றும் சொல்லாமல் தோளில் தட்டிவிட்டுப் போனாள். அன்றைக்கு வேனில் ஏறியதும் அண்ணன் கேட்டார், "என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லலன்னா ரொம்ப நல்லா இருக்குன்னு அர்த்தம். மாஸ்டரும் அப்படித்தானே."

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது டீச்சரின் அக்காவுக்குப் பிரசவம். இரண்டு சனிக்கிழமை வகுப்பு கிடையாது, அவரவர் வீட்டில் வரையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மிச்சம் இருந்தது முன்பக்கத்து வெயில் படும் பனி மட்டும். ரோஜாக்கா சமையலறை மேடையில் படத்தைப் படுக்கவைத்தாள். வெள்ளை டியூபைப் பிதுக்கினாள். தூரிகையில் பனி பனியாக வரவில்லை, சுண்ணாம்பாக வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பைக்குள் கையை விட்டுத் கிரீம் தடவுகிற மழுங்கிய பேலட் கத்தி ஒன்றை எடுத்தாள். தினமும் கேக்கில் ஓடுகிற அதே மாதிரிக் கத்தி. நிறம் பட்டுவிட்டால் பேக்கரிக்குத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது என்று இதன் பிடியில் மட்டும் சிவப்பு நூல் கட்டிவைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு உலகம் தெரியவில்லை. வெள்ளையில் துளி மஞ்சள் காட்டி வழித்து வழித்து வைத்தாள். கூரையில் விரல் கனத்துக்கு ஏறியது. வேலிக் கட்டைகளின் தலையில் குல்லாய் குல்லாயாக உட்கார்ந்தது. வயலில் காற்று அலைத்த மாதிரி வரிவரியாகப் படிந்தது. இந்த முறை தேய்த்து வழவழப்பாக்கவில்லை. தழும்பைத் தழும்பாகவே விட்டாள். டியூப் மேல் டியூப் காலியாயிற்று. கணவர் தண்ணீர் குடிக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக், எதையும் லேசில் புகழ மாட்டார்.

"ஏம்மா, இதுல கால் வெச்சா உள்ள போயிடும் போல இருக்கே."

"கைய வெச்சீங்கன்னா நான் பொறுப்பில்ல."

வானம் இரண்டு மூன்று நாளில் காய்ந்திருந்தது. பனியும் அப்படித்தான் காயும் என்று நினைத்தாள். ஒரு வாரம் கழித்து வேலிக் கட்டை ஒன்றின் தலையில் விரல் நுனியை வைத்தாள். குல்லாய் அவள் விரலுக்கு வந்துவிட்டது. கண்காட்சிக்கு எண்ணி இரண்டு வாரம். கிரீம் இறுகவில்லை என்றால் என்ன செய்வோம்? குளிரில் வைப்போம். இருபது வருஷமாக எது இளகினாலும் அவள் செய்வது அதுதான். வேறு யோசனையே அவள் தலைக்கு வரவில்லை.

படத்தை அடுத்த நாள் பேக்கரிக்கே கொண்டுபோனாள். தட்டு கேக்குக்கான பெரிய அட்டைப் பெட்டி ஒன்றில், மூடி பனியில் படாதபடி நான்கு மூலையிலும் முட்டுக் கொடுத்து, பத்திரமாகப் படுக்கவைத்துக் குளிர் அறைக்குள் வைத்தாள். சாய்வில்லாமல் சமமாக இருந்தது ஒரே ஒரு அலமாரித் தட்டுதான். அது டெலிவரிக்குப் போகிற கேக்குகளின் தட்டு. மாஸ்டரிடம் அனுமதி கேட்டாள். அவர் மூடியைத் திறந்து பார்த்தார்.

"என்ன ஃபிளேவர்?"

"ஆளிவிதை எண்ணெய்."

"சரி, நம்ம பிஸ்கட் பக்கத்துல வைக்காத."

அந்த வார இறுதியில் ஒரு ஆர்டர். ஒரு குடும்பம் புது வீட்டுக்கு மாறுகிறது, வேண்டியவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெள்ளை கிரீமில் பெரிய தட்டு கேக், மேலே ஒரு வீடு போடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ரோஜாக்கா போட்டுக் கொடுத்தாள், பெட்டியில் மூடினாள், அதே தட்டில் வைத்தாள். வைத்துவிட்டு வேறொரு கேக்குக்கு ரோஜா பிழியப் போய்விட்டாள்.

அண்ணன் வந்தார். கை கழுவினார், துடைத்தார். பெட்டியின் மூடியை அரை விரல் தூக்கிப் பார்த்தார்: வெள்ளை, வீடு. சரிதான். மூடினார். வழி நெடுக "வருது, வருது" சொல்லிக்கொண்டே ஓட்டினார். மூன்றாவது மாடிக்குத் தட்டாமல் முட்டாமல் ஏற்றி, மேசை நடுவில் வைத்துவிட்டு, நசுங்காமல் கொண்டுவந்த பெருமையோடு திரும்பிவிட்டார்.

அவர் பேக்கரிக்குள் நுழையவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. எடுத்தவள் ரோஜாக்கா. அந்தப் பக்கம் வீட்டுக்காரரின் குரல், பின்னால் நிறைய பேர் பேசுகிற சத்தம்.

"கேக் ரொம்ப அற்புதமா இருக்குங்க. எல்லாரும் அசந்துட்டாங்க. மரம், வேலி எல்லாம் போட்டிருக்கீங்க, நாங்க வீடு மட்டும்தான் கேட்டோம். ஆனா ஒரு சின்னப் பிரச்சினை. கத்தி இறங்க மாட்டேங்குது."

ரோஜாக்காவின் கையில் இருந்த கிரீம் பை தரையில் விழுந்தது.

"வேலியா?"

"ஆமாங்க, வேலி."

"யாராவது வாயில வெச்சாங்களா? சொல்லுங்க, யாராவது நக்கினாங்களா?"

"இல்லைங்க, வெட்டினாத்தானே சாப்பிடுறது!"

"யாரும் தொடாதீங்க! அது கேக் இல்ல! அது பெயிண்ட்! நான் வரேன்!"

அண்ணன் நடந்ததைப் புரிந்துகொண்டபோது முகத்தில் ஈ ஆடவில்லை. குளிர் அறைக்கு ஓடிப்போய் மற்ற பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே கேக், வீட்டோடு, பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

"கொஞ்சம் லேசா இருக்கேன்னு நெனச்சேன் பாப்பா. ஸ்பாஞ்ச் நல்லா வந்திருக்கு போலன்னு விட்டுட்டேன்."

"பேசாம வண்டிய எடுங்கண்ணா."

அன்றைக்கு வேன் ஓடிய வேகத்தை அந்தத் தெரு அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மடியில் நிஜ கேக்கை வைத்துக்கொண்டு ரோஜாக்கா உட்கார்ந்திருந்தாள். இந்த முறை "வருது, வருது" சொன்னது அவள்தான். இடையில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து வேறொன்று சொன்னாள்.

"இதையும் வெட்டிட்டாங்கண்ணா."

அண்ணனுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்க ஸ்டியரிங்கை விட வேண்டும், விடவில்லை.

மூன்றாவது மாடியில் எல்லோரும் மேசையைச் சுற்றி எட்டடி தள்ளி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள். ஏதோ பாம்பு வந்த மாதிரி. யாரும் தொடவில்லை என்பதைக் காட்ட இரண்டு பேர் கையைக்கூடத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா கேக் கத்தியைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். அது கேக்கோடு கொடுக்கிற பிளாஸ்டிக் கத்தி. அது மட்டும் அதிர்ஷ்டம். நுனியில் பனி.

ரோஜாக்கா குனிந்து பார்த்தாள். படத்தின் கீழ் ஓரத்தில் தொடங்கி, வயலைக் கடந்து, வேலி வழியாக, வீட்டு வாசல் வரைக்கும் ஒரு கோடு. கத்தி வந்த வழி. கோட்டின் இரண்டு பக்கமும் பனி வரப்பு மாதிரி மேடு கட்டி நின்றது. கேன்வாஸ் கிழியவில்லை. அடியில் அவள் முதலில் பூசிய ஊதா நிழல் தெரிந்தது.

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார் வீட்டுக்கார அம்மா. "எண்ணெய் வாசனை வந்துச்சு, ஏதோ பாதாம் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். வாசல் வரைக்கும் வெட்டிட்டு, உள்ள யாராச்சும் இருப்பாங்களேன்னு தோணிச்சு, நிறுத்திட்டேன்."

அந்தப் பேச்சில் ரோஜாக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் அறையே மூச்சு விட்டது. சுவரோடு ஒட்டியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். கேக் என்று நினைத்தபோது ஒரு நிமிஷம் பார்த்திருப்பார்கள். படம் என்று தெரிந்த பிறகு யாரும் கண்ணை எடுக்கவில்லை. நிஜ கேக்கை அண்ணன் பிரித்து வைத்தார். அதை வெட்டுவதற்குத்தான் ஆளைத் தேட வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார், "இதை எங்களுக்கே குடுத்துடுறீங்களா? புது வீட்டுல மாட்டிக்கிறோம்."

"இல்லைங்க" என்றாள் ரோஜாக்கா. யோசிக்கவே இல்லை. "நான் செஞ்சதுல இது ஒண்ணுதான் எனக்கு. கண்காட்சிக்கு வாங்க, அங்க பாருங்க." சொல்லிவிட்டாளே தவிர, கண்காட்சியில் எப்படி ஏற்றுவது என்று அவளுக்கே தெரியாது.

டீச்சர் ஊரிலிருந்து திரும்பியதும் படத்தைப் பார்த்தாள், கதையைக் கேட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணாடி நெற்றியிலிருந்து தானாகவே மூக்குக்கு இறங்கியது.

"அக்கா, எண்ணெய் நிறம் குளிர்ல இறுகாது. காத்தைக் குடிச்சுக் குடிச்சுத்தான் இறுகும். குளிர்ல வெச்சா இன்னும் லேட்டாகும். அதுவும் இந்தக் கனத்துக்கு..."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"நாளா? மாசம்னு கேளுங்க. வருஷம்கூட ஆகலாம்."

ரோஜாக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஆனா ஒண்ணு. காஞ்சிருந்தா அந்தக் கத்தி மேல் தோலைப் பேத்து எடுத்திருக்கும். ஈரமா இருக்கிறதாலதான் இப்ப நீங்க சரி பண்ண முடியும். கோட்டை மூடிடுறீங்களா?"

மூடுவது அவளுக்கு ஒரு வேலையே இல்லை. பேக்கரியில் அடிபட்ட கேக் வந்தால் கத்தியால் ஒரு இழுப்பு, மேலே ஒரு ரோஜா. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சிவப்பு நூல் கட்டிய கத்தியை எடுத்தாள். கோட்டுக்கு நேரே பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். உள்ளே யாராச்சும் இருப்பாங்களேன்னு தோணிச்சு. அந்த அம்மா சொன்னது சரிதான். இத்தனை வாரமாக அந்த வீட்டுக்குப் போக அவள் ஒரு வழியே வைக்கவில்லை.

கத்தியின் நுனியால் கோட்டைக் கொஞ்சம் நெளித்தாள். வேலி இருந்த இடத்தில் இரண்டு கட்டைகளை வழித்தெடுத்து இடைவெளி விட்டாள். வரப்பின் ஒரு பக்கம் ஊதா, மறு பக்கம் வெயில். பாதையாகிவிட்ட கோடு வாசலுக்கு வரும்போது சிறுத்து, படி ஏறி நின்றது. தபால்காரர் எட்டிப் பார்த்தார்.

"இப்பத்தான் நான் லெட்டர் குடுக்க முடியும்" என்றார்.

இனி சுவரில் ஏற்ற வேண்டும். நூலகர் வாசலில் நின்று ஒவ்வொரு படத்தையும் விரலால் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். கெஞ்சிப் பார்க்கலாமா என்று டீச்சர் கேட்டாள். ரோஜாக்கா வேண்டாம் என்றாள். ஈரமான ஒன்றை ஊர் முழுக்கச் சுற்றி, யார் கையும் படாமல், எல்லோர் கண்ணும் படும்படி கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? அதைத்தானே அவளும் அண்ணனும் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் பேக்கரியின் கண்ணாடி மூடிப் பெட்டி ஒன்றைக் காட்டினாள். "இதே மாதிரி, ஆனா மரத்துல. நின்ன மேனிக்கு. முன்னாடி கண்ணாடி, பனிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி. பக்கவாட்டுல காத்து போக ஓட்டை. முடியுமாண்ணா?"

செய்த தப்புக்கு ஈடாக என்ன கேட்டாலும் செய்யத் தயாராக இருந்த மனுஷன். அளந்தார், மறுபடி அளந்தார், அளந்தது சரிதானா என்று மறுபடியும் அளந்தார். நாலு மூலையும் நூல் பிடித்த மாதிரி நின்றது. ஓட்டைகளைக்கூட ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் போட்டிருந்தார். உப்புத்தாளை நிறுத்த மாட்டேன் என்று தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் அவள் சொல்ல வேண்டியிருந்தது, "போதும்ணா, மேகத்தைத் தேய்ச்சுடுவீங்க போல."

நூலகர் வாசலில் விரலை நீட்டினார். விரல் கண்ணாடியில் போய் முட்டியது. உள்ளே பார்த்தார். ஓட்டைகளைப் பார்த்தார். பிறகு தன் சட்டையின் முதுகுப் பக்கத்தை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டு, "இதுல சாஞ்சா ஒண்ணும் ஆகாது, போங்க" என்றார்.

கூடத்தில் நாற்பது படங்களுக்கு மேல் இருந்தன. பெட்டிக்குள் இருந்தது ஒன்றுதான். அதனாலேயே எல்லோரும் அதற்கு முன்னால் நின்றார்கள். புது வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். வீட்டுக்கார அம்மா ஒவ்வொருவரையும் இழுத்துக் காட்டினார்: "அந்தப் பாதை இருக்கே, அது நான் போட்டது." ரோஜாக்கா மறுக்கவில்லை. மாஸ்டர் மாவு படிந்த சட்டையோடு வந்து, வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அண்ணன் கதவோரமாக நின்று, உள்ளே வருகிற எல்லோரிடமும் "மூணாவது சுவர், பெட்டிக்குள்ள இருக்கும், தவறவிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தன் தங்கை என்பதை ஒருவரிடமும் சொல்லவில்லை என்று பிறகு சாதித்தார். எல்லோரும் அவளிடம் வந்து, "உங்க அண்ணன் சொன்னாருங்க" என்றுதான் தொடங்கினார்கள்.

இரவு கூடத்தைப் பூட்டும்போது அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். விளக்கு அணைந்த பிறகும் அந்த வெள்ளை தெரிந்தது. அடுத்த நாள் காலை வேலைக்குப் போகும் முன் நூலகம் திறப்பதற்காகக் காத்திருந்து, உள்ளே போய்ப் பார்த்தாள். இருந்தது.

கண்காட்சி முடிந்து படம் வீட்டுக்கு வந்தது. கண்ணாடியைக் கழற்றி, ஹாலில் சுவரில் மாட்டினாள். காற்று குடிக்க வேண்டுமே, அதற்காக மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள். கணவர் சோபாவில் வேர்த்து வழிய உட்கார்ந்து, "பனிக்குப் போய் விசிறி போடுற வீடு இது ஒண்ணுதான்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மகள் அவருக்கு ஒரு அட்டை விசிறி கொடுத்தாள். வாரம் ஒரு தடவை ரோஜாக்கா கை கழுவி, வேலிக் கட்டையின் தலையைத் தொட்டுப் பார்ப்பாள். வெயில் காலம் போயிற்று, மழை வந்து போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டாள். விரலில் ஒன்றும் வரவில்லை. கூரையைத் தொட்டாள். வயலை அமுக்கினாள். பாதையில் ஆள்காட்டி விரலை வைத்து, ஓரத்திலிருந்து வாசல் வரைக்கும் நடத்திக்கொண்டு போனாள். கெட்டியாக இருந்தது. போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் வந்து, கை கழுவி, துடைத்து, நல்ல வெளிச்சத்தில் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளங்கையை அப்படியே பனி மேல் வைத்தார்.

"காஞ்சிடுச்சு பாப்பா" என்றார். "இனிமே யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது."

சோபாவிலிருந்து கணவர் எழுந்தார். "அப்பாடா! அப்போ விசிறிய இனிமே என் பக்கம் திருப்பலாம்ல?"

ரோஜாக்கா சமையலறைப் பக்கம் பார்த்தாள். மேடை மேல் புதுக் கேன்வாஸ் ஒன்று படுத்திருந்தது. அதில் வானம் ஏற்கெனவே பூசியிருந்தது. பக்கத்தில் சிவப்பு நூல் கட்டிய கத்தி.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள். "இந்தத் தடவை மலை."